ஹெக்டர் மூணு சுத்து ஓடினான்

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். மேல கேட்டிருக்கறது கிரேக்க காவிய நாயகர்கள்கிட்ட இருந்து தைரியம் பத்தி என்ன கத்துக்கலாம்னு. ஆனா கீழ நாலு வரி சேர்த்திருக்கீங்க பாருங்க, மேனேஜர் சொல்ற தேதிக்குள்ள வேலை முடியவே முடியாதுன்னு தெரிஞ்சும் மீட்டிங்ல வாயைத் திறக்க முடியல, கை நடுங்குது, வெளிய வந்து என்னையே திட்டிக்கறேன், அக்கிலீஸ் மாதிரி பயமே இல்லாத ஆளா மாறறது எப்படின்னு. நிஜமான கேள்வி அதுதான்னு தோணுது. பயம் வர்ற ஒருத்தன் தன்னை தைரியசாலின்னு சொல்லிக்கலாமா கூடாதா, அதானே? அதுக்கே பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் யாருன்னா, கல்லூரில இருபது வருஷத்துக்கு மேல இலக்கியம் நடத்தறவன். ஹோமர் பாடினதா சொல்ற இலியட், ஒடிசிங்கற ரெண்டு கிரேக்க காவியத்தையும் பல பேட்ச்சுக்கு நடத்தியிருக்கேன், கிரேக்க மூலத்தை அகராதியை மடில வச்சுக்கிட்டு மெதுவா படிக்கற அளவுக்குத் தெரியும். மனநல டாக்டர் கிடையாது. அதனால காவியத்துல என்ன இருக்குன்னு சொல்றப்ப உறுதியா சொல்வேன், அதை உங்க வாழ்க்கைல எப்படிப் பொருத்தறதுன்னு வர்றப்ப அது என் அனுபவம் மட்டும்தான். நடுக்கம் தூக்கத்தைக் கெடுக்கற அளவுக்கு இருந்தா டாக்டரைப் பாருங்க, ஹோமர் அதுக்கு மருந்து இல்ல.

இலியட் கிரேக்கப் படை டிராய் ஊரை முற்றுகை போட்ட சண்டையோட கதை, அக்கிலீஸ் கிரேக்கப் பக்கத்துப் பெரிய வீரன், ஹெக்டர் டிராய் இளவரசன். முதல்ல அந்த அக்கிலீஸ் விஷயத்தை முடிச்சிடுவோம். அவனுக்கு பயமே இல்லன்னு நினைக்கறீங்க, படம் பார்த்தா அப்படித்தான் தோணும். இலியட்டோட 21ஆம் காண்டத்துல ஸ்கமாண்டர் நதி கோவப்பட்டு அவனைத் துரத்துது, ஏன்னா அவன் கொன்னு போட்ட பொணத்தால ஆறே அடைச்சுப் போச்சு. அங்க அக்கிலீஸ் பயந்து ஓடறான், "பயந்து"ன்னு கிரேக்கத்துல அந்த வார்த்தையே இருக்கு, நான் சேர்க்கல. ஓடிக்கிட்டே வானத்தைப் பார்த்துப் புலம்பறான், ஹெக்டர் கையால செத்திருந்தாலும் பரவால்ல, இப்படி மழைக்காலத்துல ஓடையைக் கடக்கப் போய் அடிச்சிட்டுப் போன பன்னி மேய்க்கற பையன் மாதிரி சாகணுமான்னு. இதை கிளாஸ்ல படிச்சா பசங்க முகம் வாடிப் போயிடும், நம்ம ஹீரோவா இதுன்னு.

அடுத்து ஹெக்டர். இங்கதான் நான் கொஞ்சம் நிக்கணும், ஏன்னா என் கணக்குல தைரியத்தைப் பத்தி இலியட் சொல்றதுல பாதிக்கு மேல இந்த ஒரு ஆள்கிட்டதான் இருக்கு. 22ஆம் காண்டம். டிராய் படை மொத்தமும் கோட்டைக்குள்ள ஓடிப் போயாச்சு, ஹெக்டர் மட்டும் வெளிய வாசல் கிட்ட நிக்கறான். மதில் மேல இருந்து அப்பா ப்ரியம் கெஞ்சறார், அம்மா ஹெக்குபா அழுது கூப்பிடறா, உள்ள வாடான்னு. அவன் வரல. முடிவு பண்ணித்தான் நிக்கறான். ஆனா அக்கிலீஸ் கிட்ட வந்து அந்த வெண்கலக் கவசம் பளபளன்னு கண்ணுல பட்டதும் உடம்பெல்லாம் நடுக்கம் எடுத்து, ஓட ஆரம்பிச்சிடறான். கோட்டையைச் சுத்தி மூணு முழு சுத்து. வழியில ரெண்டு ஊத்து வருது, ஒண்ணுல சுடுதண்ணி, இன்னொண்ணு கோடைலயும் ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்கும், பக்கத்துல கல்லுத் தொட்டி, சண்டை வர்றதுக்கு முன்னாடி ஊர்ப் பொம்பளைங்க துணி துவைச்ச இடம். உயிருக்கு ஓடறவனைக் காட்டிக்கிட்டே நடுவுல துணி துவைக்கற தொட்டியையும் காட்டறான் பாருங்க அந்தக் கவிஞன், எத்தனை தடவை படிச்சாலும் அங்க எனக்கு தொண்டை அடைக்கும்.

இப்ப முக்கியமான இடம். அந்த ஓட்டத்துக்கு நடுவுல கவிஞன் ஒரு வரி சொல்றான், முன்னாடி ஓடறவன் நல்ல வீரன், துரத்தறவன் அவனை விடப் பெரிய வீரன்னு. "நல்ல வீரன்"ங்கறதுக்கு அங்க இருக்கற கிரேக்கச் சொல் எஸ்த்லோஸ். இதே சொல்லை 6ஆம் காண்டத்துல ஹெக்டரே தன்னைப் பத்திச் சொல்லியிருக்கான். மனைவி ஆண்ட்ரோமகி, பக்கத்துல தாதி கைல குழந்தை இருக்க, போகாதீங்கன்னு அழறப்ப அவன் சொல்றது, எஸ்த்லோஸா இருக்க நான் கத்துக்கிட்டேன்னு. பிறவியிலயே அப்படின்னு சொல்லல, கத்துக்கிட்டேன்னு சொல்றான். அந்த "கத்துக்கிட்டேன்"க்கு பயிற்சி எடுத்ததுன்னு அர்த்தமா, இல்ல பழகிப் போச்சுன்னு அர்த்தமான்னு விவாதம் பண்ணலாம், அது தீராது. ஆனா ஓடறப்பவும் அவனை அதே சொல்லால கவிஞன் கூப்பிடறாங்கறதுல விவாதமே இல்ல, வரி அப்படியே இருக்கு. ஓடினதால பட்டம் பறிபோகல.

இன்னொண்ணு, கடைசில கிரேக்கர் பக்கம் நிக்கற தெய்வம் ஏதீனா அவன் தம்பி டெய்ஃபோபஸ் வேஷத்துல வந்து நான் கூட இருக்கேன்னு ஏமாத்தி நிக்க வைக்கறா. நின்னதும் ஹெக்டர் அக்கிலீஸ்கிட்ட முதல்ல சொல்றது என்ன தெரியுமா, இனிமே உன்கிட்ட இருந்து ஓட மாட்டேன், மூணு சுத்து ஓடினேன்ல, போதும்னு. எதிரி மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கறான். அப்புறம் ஈட்டி எறிஞ்சு, அது கேடயத்துல பட்டுத் தெறிச்சு, இன்னொண்ணு குடுன்னு தம்பியைத் திரும்பிப் பார்த்தா யாரும் இல்ல. அப்பதான் அவனுக்குப் புரியுது, தெய்வம் ஏமாத்திடுச்சு, சாவு நிச்சயம்னு. அதுக்கப்புறம் அவன் கத்தியை உருவிட்டு முன்னாடி போறான் பாருங்க, அதுதான் எனக்கு தைரியம். ஓடறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னானே, அதை தைரியம்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஏன்னு சொல்றேன்.

வாசல்ல நிக்கறப்ப ஹெக்டர் தனக்குத் தானே பேசிக்கறான். உள்ள போனா பொலிடமாஸ்தான் முதல்ல குத்திக் காட்டுவான்னு சொல்றான். பொலிடமாஸ் யாருன்னா ஹெக்டர் பிறந்த அதே ராத்திரி பிறந்தவன், நல்ல ஆலோசனைக்காரன். முந்தின நாள் ராத்திரியே அவன் சொன்னான், கோவிச்சுக்கிட்டு சண்டையை விட்டு ஒதுங்கியிருந்த அக்கிலீஸ் திரும்ப வந்தாச்சு, எல்லாரும் கோட்டைக்குள்ள போயிடலாம்னு. ஹெக்டர் கேக்கல, மறுநாள் படை அழிஞ்சது. இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உள்ள போறது, என்னை விடக் கீழானவன் கூட "தன் பலத்தை நம்பி ஊரையே அழிச்சுட்டான்"னு சொல்வானேன்னு கூசறான். நம்ம ஊர் பாஷைல சொன்னா நாலு பேர் என்ன சொல்வாங்க. அவ்வளவுதான். ஊரைக் காப்பாத்த உயிரோட உள்ள போறதுதான் சரின்னு அப்பா கத்தறார், அவர் சொல்றது சரி, ஹெக்டர் இருந்தாத்தான் ஊர் நிக்கும். ஆனா அந்த நாலு பேர் அவனை வெளியவே நிறுத்தி வச்சுட்டாங்க. அரிஸ்டாட்டில் தைரியத்தைப் பத்தி எழுதறப்ப இந்த பொலிடமாஸ் வரியை அப்படியே எடுத்துக் காட்டி, இது தைரியத்துக்கு ரொம்ப பக்கத்துல இருக்கற ஒண்ணு, ஆனா முழு தைரியம் இல்லங்கற மாதிரி வகைப்படுத்தறார். நான் அதோட ஒத்துப் போறேன், ஆனா ஒரு எச்சரிக்கை, போர்க்களத்துல இந்தக் கூச்சம் நிறைய உயிரைக் காப்பாத்தியும் இருக்கு. கிரேக்க வீரன் அஜாக்ஸ் 15ஆம் காண்டத்துல கத்தறான், ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வெட்கப்படுங்கடா, வெட்கம் உள்ளவங்கள்ல சாகறவங்களை விட பிழைக்கறவங்கதான் அதிகம்னு. வரிசையா நின்னு சண்டை போடற கூட்டத்துல அது உண்மை, ஒருத்தன் ஓடினா பக்கத்துல இருக்கறவன் மாட்டிப்பான். ஆகமொத்தம் வெட்கம் ஒரு பெட்ரோல், வண்டி ஓடும், எங்க போகணும்னு அதுக்குத் தெரியாது.

இதுக்கு மருந்து மாதிரி ஒரு சின்ன காட்சி 8ஆம் காண்டத்துல இருக்கு, சொல்லாம போக முடியல. இடி விழுது, கிரேக்கப் பக்கத்துக் கிழவர் நெஸ்டர் இள வீரன் டயோமிடிஸைப் பார்த்து தேரைத் திருப்புடா தம்பி, இன்னிக்கு தெய்வம் நம்ம பக்கம் இல்லங்கறார். இளவட்டம் சொல்றான், ஓடினா ஹெக்டர் நாளைக்கு சபைல பெருமை அடிப்பானேன்னு. கிழவர் சொல்றார், அடிச்சுக்கட்டும், யார் நம்புவா, நீ கொன்னுபோட்டவனுங்க பொண்டாட்டிங்க நம்புவாங்களான்னு. தேரைத் திருப்பிட்டாங்க. ஆபீஸ்ல யாரோ சிரிப்பாங்களேன்னு நான் தயங்கறப்பெல்லாம் இந்தக் கிழவர் ஞாபகம்தான் வரும்.

சரி, உங்க கை நடுக்கத்துக்கு வர்றேன். 13ஆம் காண்டத்துல க்ரீட் ராஜா ஐடோமெனியஸ், பாதி நரைச்ச ஆளு, கூடாரத்துக்குப் பக்கத்துல தன் உதவி வீரன் மெரியோனிஸைப் பார்க்கறான். சண்டை நடக்குது, ரெண்டு பேரும் களத்துல இல்ல. என்னப்பா இங்க நிக்கறன்னா, ஈட்டி உடைஞ்சு போச்சு வேற எடுக்க வந்தேங்கறான். உடனே தான் கோழை இல்லன்னு விளக்கம் வேற. பெரியவர் சொல்றார், தெரியும்ப்பா, எனக்குத் தெரியாதா, பதுங்கித் தாக்கப் போறப்பதான் ஆளு யாருன்னு தெரியும், கோழையோட முகம் நிறம் மாறிக்கிட்டே இருக்கும், ஒரு இடத்துல உக்கார மாட்டான், இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறி மாறி குந்துவான், நெஞ்சு படபடக்கும், பல்லு தந்தியடிக்கும். வீரன் அப்படி இல்ல, அவன் "ரொம்ப" பயப்பட மாட்டான். இந்த "ரொம்ப"வைக் கவனிங்க. பயப்படவே மாட்டான்னு சொல்லல. அளவைச் சொல்றார். அப்புறம் ரெண்டு பேரும், சின்னப் பசங்க மாதிரி இங்க நின்னு பேசிட்டிருந்தா யாராவது திட்டுவாங்க, வா போலாம்னு கிளம்பறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, டீ பிரேக்ல மாட்டிக்கிட்ட ரெண்டு பேர் மாதிரி. அதுக்காக ஐடோமெனியஸ் சொல்ற அறிகுறியெல்லாம் அப்படியே உண்மைன்னு எடுத்துக்காதீங்க, அதே காவியத்துல ஹெக்டர், அக்கிலீஸ் ரெண்டு பேரும் பயந்திருக்காங்க, அவர் பேச்சு ஒரு பழைய சிப்பாயோட பேச்சு, சட்டம் இல்ல.

அப்ப பயம் வந்தா அவங்க என்ன பண்ணாங்க? தனக்குள்ள பேசினாங்க. இலியட்ல ஒரு வரி அஞ்சு தடவை அச்சு மாறாம வருது, என் நெஞ்சு ஏன் இதையெல்லாம் என்கிட்ட வாதாடிட்டிருக்குன்னு. திருக்குறள்ல நெஞ்சொடு கிளத்தல்னு 125ஆம் அதிகாரம் இருக்கே, அது காதல் சமாச்சாரம், ஆனா நெஞ்சை எதிர்ல உக்கார வச்சுப் பேசற முறை நமக்குப் புதுசு இல்ல. (சங்க வீரப் பாட்டையும் ஹோமரையும் பக்கத்துல வச்சுப் பார்க்கறது வெறும் ஆசை இல்ல, இலங்கைல இருந்து போன கைலாசபதி பர்மிங்ஹாம்ல கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சன்கிட்ட இந்த ஒப்பீட்டைத்தான் ஆய்வா செஞ்சார், 1968ல ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடா வந்தது.) வேடிக்கை என்னன்னா, அதே வரியைச் சொல்லிட்டு ஒவ்வொருத்தரும் வேற வேற முடிவுக்குப் போறாங்க. 11ஆம் காண்டத்துல ஒடிசியஸ் தனியா மாட்டிக்கிட்டு அந்த வரியைச் சொல்லிட்டு நிக்கறான், ஆனா விலாவுல காயம் பட்டதும் பின்வாங்கி மூணு தடவை சத்தம் போட்டு கூட்டாளிங்களைக் கூப்பிடறான், மெனலாஸும் அஜாக்ஸும் வந்து காப்பாத்தறாங்க. 17ஆம் காண்டத்துல மெனலாஸ் அக்கிலீஸோட நண்பன் பட்ரோக்ளஸ் பொணத்தைக் காக்க தனியா நிக்கறான், ஹெக்டர் கூட்டத்தோட வர்றான், அதே வரி, முடிவு வேற, இப்ப நின்னா சாவேன், பின்வாங்கறேன், அஜாக்ஸைத் தேடிக் கூட்டிட்டு வர்றேன்னு. போறான், கூட்டிட்டு வர்றான், கடைசில பொணத்தைத் தூக்கிட்டு வந்ததுல அவன் தோளும் உண்டு. இதை யாரும் கோழைத்தனம்னு அந்தக் காவியத்துல சொல்லல.

உங்க மீட்டிங்குக்கு நான் எடுத்துக் குடுக்கற ஆளு அக்கிலீஸும் இல்ல ஹெக்டரும் இல்ல, அந்த பொலிடமாஸ்தான். இலியட்ல அவன் நாலு தடவை ஹெக்டருக்கு யோசனை சொல்றான். தேரை அகழிக்கு இந்தப் பக்கமே விட்டுட்டு நடந்து போலாம்னு ஒண்ணு, கழுகும் பாம்பும் சகுனம் சரியில்ல திரும்பிடலாம்னு ஒண்ணு, தலைவர்களைக் கூப்பிட்டுக் கலந்து பேசுன்னு ஒண்ணு, கோட்டைக்குள்ள போயிடலாம்னு கடைசி. ரெண்டை ஹெக்டர் ஏத்துக்கிட்டான், ரெண்டை தள்ளிட்டான். அந்த சகுன விஷயத்துல, நீ பின்வாங்கினாலோ மத்தவனைப் பின்வாங்க வச்சாலோ என் ஈட்டியாலயே உன்னைக் குத்துவேன்னு மிரட்டவும் செஞ்சான். அதுக்கு முன்னாடியே பொலிடமாஸ் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கறான், நான் நல்லது சொன்னாலும் சபைல எப்பவும் என்னைத் திட்டற, ஆனாலும் எனக்குச் சரின்னு படறதைச் சொல்றேன்னு. அவ்வளவு மிரட்டல் வாங்கியும் அடுத்த காண்டத்துலயே மறுபடி வாயைத் திறக்கறான். நாலுல ரெண்டுதான் எடுபட்டுச்சு. மேனேஜர்கிட்ட பேசி ஜெயிக்கற விகிதம் அதை விட நல்லா இருக்கும்னு நான் எதிர்பார்க்க மாட்டேன்.

என் கதை ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா உபதேசமா போயிடும். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, தற்காலிகமா இருந்த ஒரு டீச்சர் மேல அவங்க பண்ணாத தப்பை மீட்டிங்ல வச்சுப் பேசினாங்க. எனக்கு உண்மை தெரியும். நான் பேசல. நெஞ்சு அடிச்சது, தண்ணி பாட்டிலைத் திறந்து மூடிக்கிட்டே இருந்தேன், பத்து வருஷமா ஹெக்டர் பாடம் எடுத்த ஆளு. போர்க்களத்துல முன்னாடி தள்ளற அதே வெட்கம் மீட்டிங் ரூம்ல பின்னாடி இழுக்குதுங்கறது எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சது, நாலு பேர் எந்தப் பக்கம் உக்கார்ந்திருக்காங்கறதைப் பொறுத்தது அது. மறுநாள் மெனலாஸ் வேலையைப் பண்ணேன், என்னை விட சீனியர் ஒருத்தர்கிட்ட போய்ச் சொல்லி, ரெண்டு பேரும் சேர்ந்து மேலதிகாரி ரூமுக்குப் போனோம். பேசறப்பவும் குரல் நடுங்குச்சு. பாதிதான் சரியாச்சு, அந்தப் பேச்சு ரெக்கார்டுல ஏறல, ஆனா எல்லாரும் முன்னாடி கேட்டது கேட்டதுதானே. முதல் நாளே சொல்லியிருக்கணும். அந்தப் பாக்கி இன்னும் என்கிட்ட இருக்கு.

ஒடிசி காவியத்தோட நாயகன் ஒடிசியஸைப் பத்தி சுருக்கமா. அவன்கிட்ட வெட்டி தைரியமும் இருக்கு, ஒத்தைக் கண்ணு ராட்சசன்கிட்ட இருந்து தப்பிச்சுக் கப்பல்ல ஏறினதுக்கு அப்புறம் சும்மா இருக்காம தன் பேரு, அப்பன் பேரு, ஊரு எல்லாத்தையும் கத்திச் சொல்லி, அந்த ராட்சசன் அந்தப் பேரை வச்சே கடல் தெய்வம் பொசைடன்கிட்ட சாபம் கேக்கறான். ஆனா ஊரை விட்டுக் கிளம்பி இருபது வருஷம் கழிச்சு பிச்சைக்காரன் வேஷத்துல தன் வீட்டு முன்கட்டுல படுத்திருக்கறப்ப, வேலைக்காரிங்க சிரிச்சுக்கிட்டு தன் பொண்டாட்டியைக் கட்டிக்கணும்னு வந்து உக்கார்ந்திருக்கறவனுங்களோட போறதைப் பார்த்து நெஞ்சு நாய் மாதிரி குரைக்குது, அப்ப நெஞ்சுல அடிச்சு, தாங்கிக்கோ நெஞ்சே, இதை விடக் கேவலத்தைத் தாங்கியிருக்கன்னு சொல்றான். அந்த "தாங்கிக்கோ"வுக்கு இருக்கற கிரேக்க வினைச்சொல்லை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏன்னா இலியட்டோட கடைசி, 24ஆம் காண்டத்துல அதே சொல் வருது. கிழவர் ப்ரியம், ஐம்பது பிள்ளை பெத்தவர், ராத்திரில எதிரி முகாமுக்குப் போறார், ஹெக்டர் உடம்பைக் கேட்டு வாங்க. பொண்டாட்டி ஹெக்குபா புத்தி கெட்டுப் போச்சான்னு அலறறா. போய் அக்கிலீஸ் முட்டியைப் பிடிச்சு, தன் பிள்ளைகளைக் கொன்ன அந்தக் கைக்கு முத்தம் குடுக்கறார். பூமில வேற எந்த மனுஷனும் துணியாததை நான் துணிஞ்சேங்கறார். அந்த "துணிஞ்சேன்"தான் ஒடிசியஸோட "தாங்கிக்கோ". கிரேக்கத்துல துணியறதுக்கும் தாங்கறதுக்கும் ஒரே வினை. தமிழ்ல நமக்கு ரெண்டு தனித்தனி சொல், அதனாலதானோ என்னவோ நாம தைரியம்னா பாயறதுன்னு மட்டும் நினைச்சுக்கறோம், இது என் ஊகம், மொழியியல்காரங்க திட்டலாம். ஆனா கைல வாள் இல்லாத அந்தக் கிழவரைப் பார்த்து அக்கிலீஸே மலைச்சுப் போய், எப்படி மனசு வந்தது உனக்கு, உன் நெஞ்சு இரும்பான்னு கேக்கறான்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இவங்க யாரும் நமக்கு முன்மாதிரி மனுஷங்க இல்ல. ஊரைக் கொள்ளை அடிச்சு, பொம்பளைங்களை அடிமையா பங்கு போட்டவங்க. ஆண்ட்ரோமகியோட அப்பாவையும் ஏழு அண்ணன் தம்பியையும் கொன்னது அந்த அக்கிலீஸ்தான், ஏழு பேரும் ஒரே நாள்ல. அவ ஹெக்டர்கிட்ட அழுததோட நிக்கல, அத்திமரத்துக்கிட்ட மதில் பலவீனமா இருக்கு, படையை அங்க நிறுத்துங்கன்னு யோசனையும் சொன்னா, அவன் போய் தறியைப் பாருன்னுட்டான். அதனால ஆளை அப்படியே காப்பி அடிக்காதீங்க, காட்சியை மட்டும் எடுத்துக்கோங்க.

எங்க இருந்து படிக்க ஆரம்பிக்கலாம்னும் கேட்டிருந்தீங்க. முதல் காண்டத்துல ஆரம்பிச்சா ரெண்டாவதுல கப்பல் பட்டியல் வந்து முக்கால்வாசிப் பேர் மூடி வச்சுடுவாங்க, என் பசங்களும் அப்படித்தான். 6ஆம் காண்டம் படிங்க, குழந்தை அப்பாவோட தலைக்கவசத்தைப் பார்த்து அழற இடம் வரைக்கும். அப்புறம் 12, 18ல பொலிடமாஸ் பேசற பக்கம் மட்டும். அப்புறம் 22, 24. ரெண்டு மூணு ராத்திரி வேலை. மீட்டிங் திங்கட்கிழமைன்னு எழுதியிருந்தீங்க, அதுக்கு முன்னாடி டீம்ல அந்தத் தேதி நடக்காதுன்னு நினைக்கற இன்னொருத்தரை மட்டும் தேடிப் பிடிச்சு ஒரு டீ குடிங்க.